மழைக் கணக்கும் நிரல் மாநாடும்

கணினி செய்யவேண்டிய வேலையைச் சிறு சிறு கட்டளைகளாகப் பிரித்து, அது பிறழாமல் பின்பற்றக்கூடிய வரிசையில் எழுதிக் கொடுப்பதற்கு நிரலாக்கம் என்று பெயர். இக்கலையைப் பெரும்பாலோர் தனியே அமர்ந்துதான் பயில்கின்றனர். புத்தகமும் ஆசிரியரும் ஓரளவு வரையில் துணை செய்வர். எழுதிய நிரலைப் பிறர் முன்னிலையில் வைத்து, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்கு விடை கூற முற்படும்போதே அதில் ஒளிந்துள்ள பிழைகள் வெளிப்படுகின்றன. இதற்கு இடமளிப்பவை நிரல் மாநாடுகள். கல்லூரி மாணவர் ஒருவர் அத்தகைய மாநாட்டுக்குச் சென்று என்ன பெறுகிறார், அவரை அதற்கு எவ்வாறு ஆயத்தம் செய்வது என்பன இங்கு ஆராயப்படுகின்றன. மழைமானியைப் படித்துப் பதிவேட்டில் குறிக்கும் களப்பணியாளருக்கும் இதில் தொடர்பு உண்டு என்பது பின்னர் விளங்கும்.

பம்பாயின் வரலாறு

நம் நாட்டில் நிரல் எழுதும் பழக்கம் பம்பாய் நகருடன் நெருங்கிய தொடர்புடையது. டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிலையத்தில், சென்னையில் பிறந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியில் பயின்ற ஆர். நரசிம்மன் அவர்களின் தலைமையில் ஒரு சிறு குழுவினர் மின்னணுக் கணக்கு யந்திரம் ஒன்றை நிர்மாணித்தனர். அதன் முன்மாதிரி 1956-ஆம் ஆண்டின் இறுதியில் இயங்கத் தொடங்கியது. முழு யந்திரம் 1960-இல் வேலைக்கு வந்தது. 1962-இல் பிரதமர் ஜவாஹர்லால் நேரு அதற்கு டிஃப்ராக் என்று பெயரிட்டார். ஏறத்தாழ 2,700 வெற்றிடக் குழாய்கள் கொண்ட அந்த யந்திரத்தின் நினைவகம் 2,048 சொற்களை மட்டுமே ஏற்கும். இன்று ஒரு மாணவியின் கையிலுள்ள தொலைபேசி அதைவிடப் பல லட்சம் மடங்கு விஷயத்தைத் தாங்குகிறது.

அக்காலத்தில் மாநாடு என்று தனியே ஒன்று தேவைப்படவில்லை. அங்கு நிரல் எழுதுவோர் ஒரே யந்திரத்தைச் சுற்றியே இருந்தனர். ஒருவர் செய்த பிழையை அடுத்து நின்றவர் கண்டு சொல்லிவிடுவார். யந்திரங்கள் பெருகி, நிரலர்கள் பல ஊர்களுக்குச் சிதறிய பிறகே அவர்களை ஓரிடத்தில் கூட்டவேண்டிய அவசியம் பிறந்தது. 1965-இல் இந்தியக் கணினிச் சங்கம் அமைந்தது. நரசிம்மனே அதன் முதல் தலைவர். கணினி விஞ்ஞானத்தின் கோட்பாடுகளுக்கென 1981 முதல் ஆண்டுதோறும் ஒரு மாநாடு நடந்து வருகிறது. பைத்தான் என்னும் நிரல்மொழியைப் பயன்படுத்துவோரின் அகில இந்திய மாநாடு 2009-இல் பெங்களூரில் முதன்முறையாகக் கூடியது. 2019-இல் அது சென்னையில் நடைபெற்றது. அதே 2009-ஆம் ஆண்டு, விஞ்ஞானக் கணக்குகளுக்குப் பைத்தானைக் கையாளுவோருக்கென ஸைபை இந்தியா என்னும் மாநாடு திருவனந்தபுரத்தில் தொடங்கியது. 2011-இல் அது மும்பையின் பவாய்ப் பகுதியிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு வந்து, பின்னும் பல ஆண்டுகள் அங்கேயே நடந்தது. மாணவருக்கு மிகுந்த இடமளித்த மாநாடு இது என்பதால், இப்பாடத்துக்கு இதுவே ஏற்றதாகும்.

ஆற்றின் வாயிலிருந்து தலைக்கு

உதாரணத்துக்காக ஒரு மாணவியைக் கற்பனை செய்துகொள்ளலாம். அவள் குடும்பம் இரண்டு தலைமுறைக்கு முன் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து, மாஹிம் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே தாராவியில் குடியேறியது. தொடக்கக் கல்வி மாநகராட்சியின் தமிழ்ப் பள்ளியில். இப்பொழுது மாதுங்காவில் பொறியியல் இரண்டாம் ஆண்டு. வீட்டுக்கு அருகே மித்தி நதி மாஹிம் கழிமுகத்தில் கலக்கிறது. நதி என்று பெயரே தவிர, ஆண்டின் பெரும்பகுதியில் அது கழிவு நீரோடையாகவே காட்சி தருகிறது. மழைக்காலத்தில் மட்டும் தான் நதி என்பதை அது நினைவூட்டுகிறது.

2005 ஜூலை 26 அன்று அது நினைவூட்டிய விதத்தை அப்பகுதி மக்கள் மறக்கவில்லை. சாந்தாகுரூஸ் வானிலை நிலையத்தில் இருபத்து நான்கு மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை பதிவாயிற்று. கடல் ஏற்றமும் சேர்ந்துகொள்ளவே, மழைநீர் வடிய வழியின்றி மித்தியின் இரு கரைகளும் மூழ்கின. நகரில் நானூறுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். அம்மாணவி அப்பொழுது பிறந்திருக்கவில்லை. ஆயினும் வீட்டுச் சுவரில் வெள்ளம் எட்டிய உயரத்தைத் தாயார் கையால் தொட்டுக் காட்டுவதை அவள் பலமுறை கண்டிருக்கிறாள். எனவே, கல்லூரியில் நிரல் பயிற்சிக்கு ஒரு பொருளைத் தேர்ந்தெடுக்கும்படி சொன்னபோது, மும்பையின் பழைய மழைப் பதிவுகளை ஆராய்ந்து, மிகுமழை நாட்களைக் கண்டறியும் நிரல் ஒன்றை எழுதத் துணிந்தாள் என்று கொள்ளலாம்.

இந்த நிரலுடன் அவள் பவாய்க்குப் புறப்படுகிறாள். மாஹிமில் ரயிலேறித் தாதரில் இறங்கி, மத்திய ரயில்வே வண்டிக்கு மாறி, காஞ்சூர்மார்க் சென்று, அங்கிருந்து ஆட்டோவில் போகவேண்டும். மித்தி நதி விஹார், பவாய் ஏரிகளின் உபரி நீரிலிருந்து தோன்றிச் சுமார் 18 கிலோமீட்டர் ஓடி மாஹிமை அடைகிறது. ஆகவே, இப்பயணம் ஆற்றின் வாயிலிருந்து அதன் தலைப்புக்குச் செல்லும் பயணமும் ஆகும்.

மூன்று கேள்விகள்

மாநாட்டில் முன்கூட்டியே தேர்வு செய்யப்பட்ட சொற்பொழிவுகளைத் தவிர, மின்னல் பேச்சு என்று ஓர் அங்கமும் உண்டு. ஐந்து நிமிடத்துக்குள் யார் வேண்டுமாயினும் தம் வேலையை அவையோர் முன் வைக்கலாம். மணி அடித்தால் நிறுத்திவிட வேண்டும். நம் மாணவி தன் நிரலை இந்த ஐந்து நிமிடத்தில் காட்டுகிறாள் எனில், அதன்பின் தேநீர் வேளையில் அவளைச் சூழ்ந்துகொள்வோர் கேட்கக்கூடிய கேள்விகள் சில உள்ளன. நிரலாக்கப் பாடத்தின் சாரம் இக்கேள்விகளிலேயே இருப்பதால், அவற்றைச் சற்று விரிவாகக் காண்பது தகும்.

முதற் கேள்வி: "ஜூலை 26 என்றால் எந்த மணி முதல் எந்த மணி வரையில்?"

கேட்பதற்கு வேடிக்கையாகத் தோன்றும் இக்கேள்வி மிக முக்கியமானது. இந்திய வானிலைத் துறை நாள்மழையைக் காலை 8.30 மணிக்கு அளக்கிறது. அவ்வேளையில் எழுதப்படும் அளவு, அதற்கு முந்திய இருபத்து நான்கு மணி நேரத்தில் பெய்த மழையாகும். ஜூலை 26 பிற்பகலில் கொட்டிய மழை 27-ஆம் தேதி காலையில்தான் அளக்கப்பட்டது. பதிவேட்டில் அது 27-ஆம் தேதிக்கு நேராக நிற்கும். இதை அறியாமல் 26-ஆம் தேதியின் எண்ணை எடுக்கும் நிரல், நகரம் மூழ்கிய நாளைச் சாதாரண நாள் என்று கூறிவிடும். நிரலில் இலக்கணப் பிழை ஒன்றும் இராது. கணினியும் எவ்வித எச்சரிக்கையும் தராது. விடை மட்டும் ஒரு நாள் தள்ளி நிற்கும். மழையுடன் கடல் ஏற்றத்தையும் ஒப்பிட முயன்றால் இந்த ஒரு நாள் வேற்றுமை எல்லா முடிவுகளையும் கெடுத்துவிடும். கடல் ஏற்ற அட்டவணை நள்ளிரவு முதல் நள்ளிரவு வரையுள்ள நாளைக் கொண்டது.

இரண்டாவது கேள்வி: "வெற்றிடமாக உள்ள நாட்களை என்ன செய்தாய்?"

பழைய பதிவேடுகளில் சில நாட்களுக்கு எண் இராது. மழையே பெய்யாவிடில் பூஜ்யம் என்று எழுதப்பட்டிருக்கும்; வெற்றிடம் என்பது அளவு கிடைக்கவில்லை என்பதற்கு அடையாளம். இவ்விரண்டும் வெவ்வேறு. ஐந்து நாட்களுக்கு 20, 0, வெற்றிடம், 40, 10 மில்லிமீட்டர் என்று இருப்பதாகக் கொள்வோமாயின், மொத்தம் 70. வெற்றிடத்தைப் பூஜ்யம் எனக் கருதி ஐந்தால் வகுத்தால் சராசரி 14. அளவு உள்ள நான்கு நாட்களால் வகுத்தால் 17.5. பைத்தான் மொழியில் எண் வரிசைகளைக் கையாளும் நம்பை என்னும் தொகுதியில், எண் அல்லாத இடத்தைக் குறிக்க நேன் என்றொரு தனி அடையாளம் உண்டு. அது கலந்த வரிசைக்குச் சராசரி கேட்டால், விடையும் நேன் என்றே வரும். இது தொந்தரவாகத் தோன்றவே, புதிதாக நிரல் எழுதுவோர் எல்லா நேன்களையும் பூஜ்யமாக மாற்றிவிட்டு நிம்மதி அடைகின்றனர். உண்மையில் கணினி "எனக்குத் தெரியாது" என்று நேர்மையாகச் சொல்லியது. மாணவர்தாம் அதன் வாயை அடைத்துவிட்டார். வெற்றிடங்களை விலக்கிச் சராசரி காண அதே தொகுதியில் வேறு கட்டளை இருக்கிறது. அதைப் பயன்படுத்தினாலும், எத்தனை நாட்கள் விலக்கப்பட்டன என்பதை விடையுடன் சேர்த்துச் சொல்லவேண்டும். அளவு கிடைக்காத நாட்கள் பல சமயம் பெருமழை நாட்களாகவே இருக்கக்கூடும். பணியாளர் நிலையத்துக்கு வர இயலாத நாளும், மானியின் கலம் நிரம்பி வழிந்த நாளும் அத்தகையன அல்லவா?

மூன்றாவது கேள்வி இன்னும் கூர்மையானது: "மும்பையின் மழை என்று எதைச் சொல்கிறாய்?"

சாந்தாகுரூஸில் 944 மில்லிமீட்டர் பெய்த அதே வேளையில், நகரின் தென்கோடியிலுள்ள கொலாபாவில் பதிவானது சுமார் 73 மில்லிமீட்டர்தான். இரண்டையும் கூட்டி வகுத்தால் சுமார் 509 வரும். இந்த மழை சாந்தாகுரூஸிலும் பெய்யவில்லை, கொலாபாவிலும் பெய்யவில்லை. நிரலில் மட்டுமே பெய்த மழை அது. மித்தியின் தலைப்பிலுள்ள விஹார் ஏரியருகே அளக்கப்பட்ட 1,045 மில்லிமீட்டரையும் சேர்த்தால் சராசரி 687-க்கு ஏறுகிறது. மேகம் ஒன்றும் மாறவில்லை. மானிகளின் எண்ணிக்கை மட்டுமே மாறியது. மாஹிமில் உள்ளவருக்கு வேண்டியது நகரத்தின் சராசரி அன்று. ஆற்றின் மேற்பகுதியில் எவ்வளவு பெய்தது, அந்த நீர் எப்பொழுது வந்து சேரும் என்பனவே அவருக்கு வேண்டும். அந்த வெள்ளத்துக்குப் பின் மாநகராட்சி பல இடங்களில் தானியங்கி மழைமானிகளை நிறுவியதன் காரணமும் இதுவே: ஓரிரு நிலையங்களின் எண்கள் அகன்ற நகரம் ஒன்றின் மழையைக் காட்டப் போதா.

இம்மூன்று கேள்விகளையும் வகுப்பறையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள் என்று கூறுவது ஆசிரியர்களைக் குறைகூறுவதாகாது. நிரலாக்க ஆசிரியருக்கு மழைமானியுடன் பழக்கம் இராது. வானிலை அலுவலருக்கு நிரலுடன் பழக்கம் குறைவு. இரு திறத்தாரும் ஒரே கூடத்தில் தேநீர் அருந்துகிற இடமாக மாநாடு அமைவதாலேயே இக்கேள்விகள் பிறக்கின்றன.

கருவிகளைச் செய்தவர்கள்

விஞ்ஞான நிரல் மாநாடுகளில் மாணவர் அடையும் மற்றொரு பயன், தாம் நாள்தோறும் கையாளும் கருவிகளைச் செய்தவர்களை நேரில் காண்பதாகும். அக்கருவிகளின் வரலாற்றை நோக்கினால், அவற்றுள் பல, மாணவர்களோ இளம் ஆய்வாளர்களோ தம் சொந்தத் தேவைக்கு எழுதிக்கொண்டவை என்பது புலப்படும். ஐபைத்தான் என்னும் கருவியை 2001-இல் எழுதத் தொடங்கிய பெர்னாண்டோ பெரெஸ் அப்பொழுது அமெரிக்காவில் பௌதிக ஆராய்ச்சி மாணவர். வரைபடங்கள் தீட்டும் மேட்பிளாட்லிப் தொகுதியை ஜான் ஹண்டர் எழுதியது, வலிப்பு நோயாளிகளின் மூளை மின்னலைகளை ஆராயும் பொருட்டு. முப்பரிமாண உருவங்களைக் காட்டும் மாயாவி என்னும் கருவி, பிரபு ராமச்சந்திரன் சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் வான்கலப் பொறியியல் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது பிறந்தது. பின்னர் பவாயில் பேராசிரியராகி, ஸைபை இந்தியா மாநாட்டை நடத்தியவர்களுள் அவரும் ஒருவர். மந்திரவாதிக் கதைகளில் படித்த பெயரை ஒரு விஞ்ஞானக் கருவிக்குச் சூட்டியிருப்பது தமிழ் மாணவருக்கு ஒரு தனி மகிழ்ச்சி தரும்.

மாநாட்டின் இறுதியில் நடைபெறும் கூட்டுப்பணி அமர்வில் இத்தகைய கருவிகளைத் திருத்தும் வேலையில் மாணவரும் பங்குகொள்ளலாம். இவை யாவும் மூலநிரல் வெளிப்படையாக உள்ள தொகுதிகள். யாரும் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். விளக்கக் குறிப்பில் உள்ள ஓர் எழுத்துப் பிழையைத் திருத்தி அனுப்புவதிலிருந்து பலர் தொடங்குகின்றனர். அது அற்பமான வேலையன்று. திருத்தத்தை எவ்வாறு அனுப்புவது, மறுப்பு வந்தால் எவ்வாறு ஏற்றுக்கொள்வது என்பதை அந்த ஒரு சிறு திருத்தமே கற்பித்துவிடும்.

வாசலில் தயங்குவோர்

இவ்வளவு நன்மை இருந்தும், செல்ல வேண்டியவர் செல்வதில்லை. கட்டணம் ஒரு தடை. இரண்டு நாள் விடுப்பில் வீட்டு வேலை தடைப்படும் என்பது மற்றொன்று. பெண்களுக்கு இது இன்னும் பெரிது. எல்லாவற்றுக்கும் மேலான தடை ஆங்கிலத்தைப் பற்றிய அச்சம். தமிழிலோ மராத்தியிலோ பயின்று வந்த மாணவர், கேள்வி கேட்டால் தம் மொழிக்குறை வெளிப்படும் என்றெண்ணி வாய் திறவாமல் திரும்பிவிடுகின்றனர். கேள்வி கேட்காத மாணவருக்கு மாநாடு வெறும் சொற்பொழிவாகவே முடிந்துபோகும்.

இவ்வச்சத்துக்கு ஆதாரமில்லை என்பதற்குத் தாராவியிலேயே சான்று உண்டு. 2014-இல் நவ்நீத் ரஞ்சன் என்னும் திரைப்படக் கலைஞர் அங்குத் தொடங்கிய தாராவி டைரி என்னும் முயற்சியில், பள்ளிச் சிறுமிகள் ஆப் இன்வென்டர் என்ற கருவியைக் கொண்டு கைப்பேசிச் செயலிகளை உருவாக்கினர். அவற்றுள் ஒன்று பானி. பொதுக்குழாயில் நீர் பிடிக்க வருவோரின் வரிசையைக் கைப்பேசியிலேயே அமைத்து, முறை வந்ததும் தெரிவிப்பது அதன் வேலை. முதலில் வந்தவர் முதலில் செல்வது என்னும் குழாயடி முறையே, கணினி விஞ்ஞானத்தில் வரிசை எனப்படும் அடிப்படை அமைப்பாகும். அச்சிறுமிகள் அதைப் பாடப்புத்தகத்தில் படிக்குமுன் குடத்துடன் நின்று கற்றிருந்தனர். ஆபத்தில் உள்ள பெண் தன் இருப்பிடத்தை உறவினருக்கு அறிவிக்க உதவும் செயலி ஒன்றையும் அவர்கள் செய்தனர். தம் தெருவின் பிரச்சினையை அறிந்தவர் அதைப் பற்றிப் பேசுவதற்கு உயர்ந்த ஆங்கிலம் தேவையில்லை. ஐந்து வரைபடங்களும் நேர்மையான சில வாக்கியங்களும் போதும்.

ஆசிரியர்கள் செய்யக்கூடிய உதவி மாநாட்டுக்குப் பல வாரங்கள் முன்னரே தொடங்குகிறது. வெறுங்கையுடன் எவரையும் அனுப்பலாகாது; எவ்வளவு சிறியதாயினும் மாணவர் தாமே எழுதிய ஒரு நிரலும், அதில் தமக்கு விளங்காத ஓரிடமும் உடன் செல்ல வேண்டும். விளங்காத இடத்தை ஒரே வாக்கியத்தில் கேள்வியாக எழுதி, அதை வாய்விட்டுச் சொல்லிப் பார்க்கச் செய்வது நல்ல பயிற்சி. கட்டணச் சலுகை உண்டா என்று அமைப்பாளர்களுக்கு முன்கூட்டியே எழுதிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பல மாநாடுகள் மாணவருக்கு அத்தகைய உதவி அளிக்கின்றன. பெற்றோரிடம் ஆசிரியரே பேசுவது பெரிதும் பயன் தரும். இரண்டு மூன்று மாணவியரைச் சேர்த்து அனுப்பினால் வீட்டாரின் கவலையும் குறையும்.

அடிப்படைப் பயிற்சிக்குப் பவாய் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் ஒலி-ஒளிப் பாடங்கள் பெரிதும் உதவும். ஸ்போக்கன் டியூட்டோரியல் எனப்படும் இவை ஒவ்வொன்றும் சுமார் பத்து நிமிட அளவினவாய், தமிழ் உட்படப் பல இந்திய மொழிகளில் கிடைக்கின்றன. பாடத்தை இடையிடையே நிறுத்தி, கண்டதைத் தம் கணினியிலேயே செய்து பார்த்துத் தொடர்வது முறை. அதே கழகத்தின் ஃபாஸ்ஸீ திட்டத்தில், பாடப்புத்தகங்களில் தீர்வு கண்ட கணக்குகளை நிரலாக எழுதித் தரும் மாணவருக்கு மதிப்பூதியமும் வழங்கி வந்தனர். குடும்பத்துக்குக் கைகொடுக்க வேண்டிய மாணவருக்கு இது பொருட்படுத்தத் தக்க உதவியாகும்.

திரும்பி வந்த பின் செய்யவேண்டியதும் உண்டு. நம் மாணவி வீடு சேர்ந்ததும் தன் நிரலின் தலைப்பில் மூன்று குறிப்புகளை எழுதுகிறாள்: நாள் என்பது காலை 8.30-இல் முடியும் இருபத்து நான்கு மணி நேரம். வெற்றிடம் பூஜ்யம் ஆகாது. ஒவ்வொரு மானியின் அளவும் தனித்தனியே காட்டப்படும். பிறகு தான் கண்டதையும் கேட்டதையும் வகுப்பில் அரை மணி நேரம் கூறுகிறாள். இதற்கு ஆசிரியர் பாடவேளை ஒன்றை ஒதுக்கித் தருதல் வேண்டும். அந்த வகுப்பில் கேட்டவருள் ஒருவர் அடுத்த ஆண்டு செல்லத் துணியக்கூடும்.

களப்பணியாளருக்கு இதிலுள்ள தொடர்பையும் கூறிவிடலாம். பதிவேட்டில் அவர் எழுதும் எண்ணை, அவர் ஒருபோதும் காணாத ஒருவர் இருபது ஆண்டுகளுக்குப் பின் கணினியில் ஏற்றுவார். மானி உடைந்தோ, பாதை மூழ்கியோ அளக்க இயலாத நாளில் அந்தக் கட்டத்தில் ஒரு கோடிட்டு, குறிப்புப் பகுதியில் காரணத்தை ஒரு வரியில் எழுதிவைத்தல் வேண்டும். பிற்பகலில் தனியே அளந்ததாயின், அளந்த மணியையும் அருகில் குறித்தல் வேண்டும்.